கடல் சாமந்தி இருந்த இடம்

லேப் அட்டெண்டர் என்றால் சீசா கழுவுகிறவன்தானே என்று கேட்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. கழுவினேன். செஞ்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று வருஷம் கழுவினேன். அதோடு வேறு சில வேலைகளும் செய்தேன். இப்போது என் இடத்தில் இருக்கும் கலைவாணி போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். இனிமேல் தவளை அறுக்க வேண்டாம், கரப்பான்பூச்சி பிடிக்க வேண்டாம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் காட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு, "நீங்க அந்தக் காலத்துல கடலுக்குள்ளயே முங்கிப் பாத்துட்டு வந்தீங்களாமே, நெஜமாவா?" என்று கேட்டாள். ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. எழுதித் தருகிறேன் என்றேன்.

எனக்கு வேலை கிடைத்ததே தண்ணீரால்தான். என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், பஜாரில் மூட்டை தூக்கினார். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, கிணற்றில் விழுகிற குடம், வாளி, ஒரு தடவை புருஷன் மேல் இருந்த கோபத்தில் ஒருத்தி தூக்கிப்போட்ட தையல் மெஷின், இதையெல்லாம் முங்கி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடக் கிணற்றில் புது வாளி விழுந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். வாளியோடு மேலே வந்து ஈர வேட்டியோடு நின்றேன். தலைமையாசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்து, "கண்ணாடிச் சாமானை ஒடைக்காம கழுவுவியா?" என்றார். மறுநாள் சேர்ந்துவிட்டேன். தற்காலிக வேலைதான். ஸ்பிரிட் விளக்கு, சோதனைக் குழாய், அமில பாட்டில் எல்லாம் ஆறே மாதத்தில் பழகிவிட்டன. பழகாதவர் தரணேந்திரன் சார் ஒருவர்தான்.

அவர் எங்கள் இயற்கை அறிவியல் ஆசிரியர். அனந்தபுரம் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை, ஜைனர். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார். உட்காரும் முன் நாற்காலியைத் துண்டால் மெதுவாகத் தட்டுவார். எறும்பு இருந்தால் இறங்கிப் போவதற்கு அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. தரையைப் பார்த்தபடியே நடப்பதால், "தரணி சார் எத்தையோ தொலைச்சுட்டு தேடறாரு" என்று பஜாரில் கேலி செய்வார்கள். அவர் காதிலும் விழும். சிரித்துக்கொண்டே போவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு எதைப் பார்த்தாலும் கேள்வி. பனமலை ஏரிக்கரையில் ஒரு நத்தை கல்லைத் தாண்டுகிறதா, சுற்றிப் போகிறதா என்று பார்க்க ஒரு மணி நேரம் வெயிலில் குந்தியிருந்தார். நானும் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். "ஏகாம்பரம், இது ஏன் இப்படிப் பண்ணுது?" என்பார். எட்டாவதோடு நின்றவனைப் போய்க் கேட்கிறாரே என்று எரிச்சலாக வரும். ஆனால் அதுவரை யாரும் என்னிடம் எதையும் ஏன் என்று கேட்டதில்லை. உள்ளுக்குள் அது எனக்குப் பிடித்திருந்தது.

அவருடைய அலமாரியில் இருந்தவை எல்லாம் தாமாகச் செத்தவை, அல்லது உதிர்ந்தவை. பாம்புச் சட்டை, குளவிக் கூடு, ஆந்தை எலும்புக்கூடு, சிறகு ஒடிந்த பட்டாம்பூச்சி. கொன்று சேர்த்தது ஒன்றுகூடக் கிடையாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போவதற்கு முந்தின காலம். எங்கள் பள்ளியில் உயிரியலைச் சிறப்புப் பாடமாகத் தொடர விடுவதா, நிறுத்துவதா என்று பார்க்க ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் ஏமாந்து ஏமாந்து உஷாரானவர். அந்தக் காலத்தில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஒரு பள்ளியின் சீசாக்கள் முதல் நாளே பஸ் ஏறி அடுத்த பள்ளிக்குப் போய்விடும். "ஒரே நட்சத்திர மீனை மூணு பள்ளிக்கூடத்துல பார்த்துட்டேன், வால்ல இருக்கிற வெட்டுகூட மாறல" என்றார். நட்சத்திர மீனுக்கு வால் கிடையாது என்று சொல்ல சார் வாயைத் திறந்தார். தலைமையாசிரியர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

இன்ஸ்பெக்டர் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். கடற்பஞ்சு, பவளம், நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, சங்கு, கடல் சாமந்தி. ஆறும் வேண்டும். கடையில் வாங்கியதோ இரவல் வாங்கியதோ செல்லாது. பாடம் நடத்துகிற ஆசிரியர் தானே போய் எடுத்திருக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது குறுக்குக் கேள்வி கேட்பேன் என்றார். ஒன்று குறைந்தாலும் பாடம் கிடையாது.

பாடம் போனால் என்ன ஆகும்? ஒன்பதாவதில் பதினேழு பேர் அதற்காகக் காத்திருந்தார்கள். பையன்களைத் திண்டிவனத்துக்கு அனுப்பிப் படிக்க வைப்பார்கள். அதில் இருந்த நாலு பெண் பிள்ளைகளை எவரும் அனுப்ப மாட்டார்கள். அவர்கள் படிப்பு அதோடு முடிந்துவிடும். என் தற்காலிக வேலையும் முடிந்துவிடும். இதை மறைக்க வேண்டியதில்லை, எனக்கு அந்தக் கவலையும் இருந்தது.

அந்தப் பொங்கல் விடுமுறையை ஒட்டி மண்டபம் கடற்கரைக்கு அருகே ஒரு தீவில் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி நடந்தது. ஆசிரியர் ஓர் உதவியாளரை அழைத்து வரலாம். விழுப்புரத்தில் ரயில் ஏறினோம். மதுரை தாண்டும்வரை சார் பட்டியலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அஞ்சு செத்துக் கரை ஒதுங்கும், பொறுக்கிக்கலாம்" என்றார். "இந்த ஆறாவதுதான் தொல்லை. கடல் சாமந்தி பேருக்குத்தான் பூ. அது ஒரு உயிர். உடம்பு பூரா சதை. செத்தா கரைஞ்சு போயிடும். உயிரோட எடுத்தாத்தான் உண்டு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அதை நீ எடுத்துடு. நான் பாக்க மாட்டேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இன்னா சார், நான் கொன்னா மட்டும் பாவம் இல்லியா? அதுக்குத்தான் என்னைக் கூட்டினு வந்தீங்களா?"

அவர் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். "அதைத்தான் விழுப்புரத்துலேர்ந்து நானும் யோசிச்சுட்டு வரேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதரோடு சண்டை போடுவது கஷ்டம்.

தீவில் எங்களுக்கு வழிகாட்டி சந்தியாகு. சங்கு குளிக்கிறவர். நாற்பது வயது இருக்கும், மார்பு பீப்பாய் போல இருக்கும். பயிற்சி நிலையத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த முகக் கண்ணாடிகள் நாலு இருந்தன. கண்ணையும் மூக்கையும் மூடும் ரப்பர் வளையம், அதில் கண்ணாடி. பக்கத்தில் வாயால் கவ்விக்கொள்ள ஒரு குழாய். அதைப் போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடியே மிதந்து மூச்சுவிடலாம். சந்தியாகு அதைப் போடமாட்டார். "நம்மளுக்கு எதுக்கு இந்தச் சனியன்" என்பார். ஆனால் அடுத்தவருக்குப் போட்டுவிடும்போது அப்படி ஒரு கண்டிப்பு.

"மொதல்ல துப்புங்கய்யா."

"எங்க?" என்றார் சார்.

"கண்ணாடியிலதான். துப்பித் தேச்சுக் கழுவுனாத்தான் ஆவி பிடிக்காது."

வடிகட்டாத தண்ணீரைத் தொடாத மனிதர், கண்ணாடியில் துப்பினார். அடுத்தது குழாய். அதற்கு முன் எத்தனை வாய் அதைக் கவ்வியதோ. சார் குழாயை நாலு தரம் கடலில் அலசினார். ஐந்தாம் தரம் அலசப் போனபோது சந்தியாகு, "கடலையே வாயில வைக்கப் போறீக, இதுல என்ன எச்சி பாக்குறீக" என்றார். சார் கண்ணை மூடிக்கொண்டு கவ்வினார். முழங்கால் தண்ணீரில் குனிந்து நிற்க வைத்து, அரை மணி நேரம் மூச்சுவிட மட்டும் பழக்கினார் சந்தியாகு. மூக்கால் இழுக்கக் கூடாது. பதறக் கூடாது. கயிற்றை ஒரு தரம் இழுத்தால் நில், இரண்டு தரம் இழுத்தால் தூக்கு.

சாருக்கு நீச்சல் தெரியாது. சந்தியாகு ஒரு லாரி டியூபில் அவரைக் குப்புறப் படுக்க வைத்து, நடு ஓட்டைக்குள் முகம் இருக்கும்படி செய்து, கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். "மணல் தெரிஞ்சா அங்க மட்டும் கால ஊனுங்க. வேற எங்கிட்டும் ஊனாதீக" என்று இரண்டு தரம் சொன்னார். நான் பக்கத்தில் நீந்திப் போனேன்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறந்ததிலிருந்து தண்ணீருக்குள் முங்கியவன். ஆனால் கிணற்றுத் தண்ணீருக்குள் கண் திறந்தாலும் இருட்டுதான். எல்லாம் கையால் தடவி எடுப்பதுதான். அன்று முகத்தைக் கடலுக்குள் வைத்தபோது, இருபத்து நாலு வயதில், முதல் தடவையாகத் தண்ணீருக்குள்ளே பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடிக்குள் அழுதால் துடைக்கவும் முடியாது.

கீழே ஒரு ஊரே இருந்தது. மான் கொம்பு போலக் கிளைத்தவை, மேஜை போல விரிந்தவை, மூளையைப் போல மடிப்பு மடிப்பாக உருண்டவை. இடுக்குகளில் ஊதா, மஞ்சள், நீலம் என்று மீன்கள் வேலை இருக்கிறவர்கள் மாதிரி போய்வந்துகொண்டிருந்தன. சத்தமும் கேட்டது. அதை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. பட்பட்டென்று விடாத சத்தம். சார் தலையைத் தூக்கிக் குழாயைத் துப்பினார்.

"ஏகாம்பரம், கேட்டியா? கடுகு தாளிக்கிற சத்தம்! யாரு தாளிக்கிறது?"

"கல்லுக்குள்ள எறா இருக்குய்யா. அது கொடுக்கைச் சொடுக்குது" என்றார் சந்தியாகு.

"எதுக்குச் சொடுக்குது?"

"அதை எறாகிட்டத்தான் கேக்கணும்."

கிளி மூக்கு வைத்த ஒரு மீன் பவளத்தைக் கடித்து மென்று பின்னால் தூளாக விட்டுக்கொண்டே போனது. இந்தத் தீவு மணலில் பாதி அது பேண்டதுதான் என்றார் சந்தியாகு. சார் டியூபின் மேல் கட்டியிருந்த ரப்பர் பையிலிருந்து நோட்டை எடுத்து அங்கேயே பென்சிலால் எழுதிக்கொண்டார். எழுதிய பக்கம் நனைந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை.

மார்பளவு ஆழத்தில், உருண்டைக் கல் ஒன்றின் கிழக்குப் பக்கத்தில் கடல் சாமந்தி இருந்தது. ஒரு தட்டளவு. நூற்றுக்கணக்கான விரல்கள் அலைக்கு ஏற்றபடி சாய்ந்து நிமிர்ந்தன. அவற்றுக்குள் ஒரு மீன். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால், என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். விரல்களுக்குள் புகுந்துகொள்ளும், வெளியே வந்து எங்களை முறைக்கும், திரும்பப் புகுந்துகொள்ளும்.

அந்த விரல் பட்டால் மற்ற மீன் விறைத்துச் செத்துப்போகும், இதை மட்டும் ஒன்றும் செய்யாது என்றார் சந்தியாகு. சார் கேள்வி மேல் கேள்வி கேட்டார். இதே மீன்தான் தினமும் இருக்குமா? மூன்று மாதமாகப் பார்க்கிறேன், இதேதான். ஒன்றுதான் இருக்குமா? இப்போதைக்கு ஒன்றுதான். சாமந்தி செத்துவிட்டால் மீன் என்ன செய்யும்? சந்தியாகு யோசித்தார். "அதை நான் பாத்தது இல்லைய்யா."

சார் அரை மணி நேரம் அதே இடத்தில் கிடந்தார். மற்ற ஆசிரியர்கள் படகு ஏறிவிட்டார்கள். சந்தியாகு கயிற்றை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. ஒரு சின்ன அலை வந்து குழாய்க்குள் தண்ணீர் புகுந்தது. சார் மூக்கால் இழுத்துவிட்டார். இருமல், பதற்றம். டியூப் வழுக்கியது. அடுத்த நொடி அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

எதன் மேல் நின்றார்? கீழே இரண்டடி தள்ளி நல்ல வெள்ளை மணல் இருந்தது. ஆனால் அவர் செஞ்சிக்காரர். எங்கள் ஊர்க் குளத்தில் நடக்கப் பழகிய கால் எதுவும் மண்ணை நம்பாது. சேறு உள்ளே இழுக்கும், பாறைதான் காப்பாற்றும் என்று குழந்தையிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மூன்று மலையைச் சுற்றிக் கட்டிய ஊரில் பாறையைவிடச் செத்த பொருள் ஏது? கால் தானாகப் பாறையைத் தேடிப் போய்விட்டது. சாமந்திக்குப் பக்கத்தில் இருந்த கிளைப் பவளம் அவர் எடையில் நொறுங்கியது. அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது.

சந்தியாகு ஒரே தாவில் வந்து அவரை அப்படியே மணலுக்குத் தூக்கினார். முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "சொன்னேன்ல! உசிருய்யா அது! கல்லுன்னு நெனச்சீகளா?"

சார் குதிகாலில் ரத்தம். அவர் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, உடைந்த கொம்பு ஒன்றைத் தண்ணீருக்குள்ளேயே கையில் எடுத்தார். நானும் முகத்தை உள்ளே வைத்துப் பார்த்தேன். கொம்பு முழுக்க ஊசித் துளை போலப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிராணி. உடைந்த இடத்திலிருந்து கோழை போல வழிந்து அவர் விரலில் ஒட்டியது. பவளம் கல் அல்ல, உயிர்க் கூட்டம் என்று அவரே வருஷா வருஷம் போர்டில் படம் போட்டு நடத்துவார். நான்தான் சாக்பீஸ் எடுத்துக் கொடுப்பேன். அவருக்குத் தெரிந்தது அவர் காலுக்குத் தெரியவில்லை.

"இதுல எத்தனை இருக்கும்?" என்று சந்தியாகுவைக் கேட்டார்.

"யாரு எண்ணுனா?"

"ஒட்டுமா?"

"மண்ணு மூடாம நிமித்தி வச்சா சிலது பொழைக்கும்."

சார் உடைந்த கொம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கல் இடுக்கில் நிமிர்த்திச் செருகினார். ஒரு மணி நேரம் ஆனது. நாற்காலியில் எறும்புக்கு வழி விடுகிறவர். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

படகில் வரும்போது சொன்னார். "வேண்டாம் ஏகாம்பரம். சாமந்தியை நீயும் எடுக்காத. பாவத்தை உன் கையில குடுத்துட்டு நான் மூஞ்சியத் திருப்பிக்கறதுன்னு வந்தேன். தப்பு. ஆறாவது கிடைக்கலன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

"பாடம் போயிடும் சார்."

"போகும்" என்றார்.

மூன்றாம் நாள், கடல் பிராணிகளைப் பதப்படுத்துவது எப்படி என்று செய்து காட்டினார்கள். சார் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே நின்று ஒன்று விடாமல் பார்த்தேன். சாமந்தியை எடுத்தவுடன் ஃபார்மலினில் போட்டால் விரல்களை இழுத்துக்கொண்டு வெறும் சதை உருண்டையாகிவிடும். கடல் தண்ணீர் நிறைந்த பேசினில் வைத்து அசையாமல் விட வேண்டும். அது பயம் தெளிந்து விரல்களை விரிக்கும். அப்போது பேதி உப்பை ஒரு சிட்டிகை ஓரத்தில் தூவ வேண்டும். கால் மணி கழித்து இன்னொரு சிட்டிகை. அவசரப்பட்டால் சுருங்கிவிடும். விரலை ஊசியால் தொட்டாலும் அசையாத நிலை வரும்வரை தூவிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஃபார்மலின்.

ஐந்தாம் நாள் காலை எல்லோரையும் பாம்பனில் மீன் இறங்குகிற துறையைக் காட்டக் கூட்டிப்போனார்கள். நான் வயிறு சரியில்லை, இறுகிக் கிடக்கிறது என்று படுத்துக்கொண்டேன். நிலையத்துக்காரர் இரக்கப்பட்டு ஒரு பெரிய பொட்டலம் பேதி உப்பைக் கையில் கொடுத்தார். நான் கேட்காமலே வந்தது.

நாலு பெண் பிள்ளைகளுக்காகத்தான் செய்தேன் என்று இப்போது சொன்னால் பெருமையாக இருக்கும். பாதி அது. மீதிப் பாதி, திரும்பவும் கிணற்றில் வாளி எடுக்கப் போக எனக்கு மனசு இல்லை.

சந்தியாகு படகில் கூட்டிப்போனார். "வாத்தியாரையாவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப நீங்களே எடுத்துக்கிருங்க தம்பி. அவரு காட்டச் சொன்னாரு, காட்டுனேன். நான் தொட மாட்டேன்." படகில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வேறு சாமந்தி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது சார் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒன்றுதான். முங்கினேன். அடிப்பாகத்தைக் கல்லிலிருந்து விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். அந்தக் கட்டைவிரல் மீன் ஓடவில்லை. வந்து என் புறங்கையில் கடித்தது. திரும்பத் திரும்பக் கடித்தது. வலிக்கவே இல்லை, அவ்வளவு சின்ன வாய்.

நிலையத்துக் கொட்டகையில் பேசின் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து சிட்டிகை சிட்டிகையாகத் தூவினேன். விரல்கள் விரிந்தபடியே ஓய்ந்தன. நன்றாகச் செய்திருந்தேன். அதுதான் எனக்கு உறுத்தியது. ஃபார்மலின் சீசாவில் போட்டு, அதைப் படுக்கைக்குள் சுருட்டி ஊருக்குக் கொண்டுவந்து, அமில பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

மாசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். கரையில் பொறுக்கிய ஐந்தையும் சார் மேஜையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் லேபிள் எழுதி ஒட்டியிருந்தார். பெயர், இடம், நாள், சேகரித்தவர். ஆறாவது இல்லை என்று சொல்வதற்காக எழுந்து நின்றார். நான் சீசாவைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன்.

சார் அதைப் பார்த்தார். எந்தச் சாமந்தி என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

"லேபிள் இல்லையே. யார் எடுத்தது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் வாயைத் திறந்தேன். என் பெயரைச் சொன்னால் அது கணக்கில் வராது, ஆசிரியர் எடுத்ததாக இருக்க வேண்டும். அது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. செய்த வேலை அத்தனையும் வீண்.

"நான் எடுத்தேன்" என்றார் சார்.

"எங்கே? எவ்வளவு ஆழம்?"

சார் சொன்னார். மார்பளவு ஆழம், உருண்டைக் கல்லின் கிழக்குப் பக்கம், பக்கத்தில் உடைந்த கிளைப் பவளம், விரல்களின் நுனி இளம் ஊதா, உள்ளே குடியிருந்த மீனுக்கு மஞ்சள் வால். அவர் சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் உண்மை. இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "விரல் சுருங்காம எப்படிக் கொன்னீங்க?"

அது சாருக்குத் தெரியாது. அவர் வேப்பமரத்தடியில் இருந்தார். என் பக்கம் திரும்பினார்.

"பேதி உப்பு சார்" என்றேன் நான். "கொஞ்சம் கொஞ்சமா. மூணு மணி நேரம் ஆச்சு."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். சார் உட்கார்ந்து, பேனாவை மையில் தோய்த்து, அவர் பார்க்கவே லேபிள் எழுதினார். சேகரித்தவர் என்ற இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதினார். எழுத்து எப்போதும் போல அச்சடித்தது மாதிரி இருந்தது. பாடம் தொடரலாம் என்று வாயாலேயே சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஜீப் ஏறினார்.

லேபுக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். என்னை அவர் திட்ட வேண்டும் என்று நான் காத்திருந்தேன். எல்லாத் திட்டுக்கும் பதில் வைத்திருந்தேன். அவர் பேனா முள்ளைக் கழுவித் துடைத்தார்.

"ஏகாம்பரம், அந்த மீன் இன்னா ஆச்சு?"

"பக்கத்துலயே இன்னொரு சாமந்தி இருந்துது சார். அதுக்குள்ள போயிடுச்சு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"அப்படியா! வேறொண்ணு ஏத்துக்குதா?" அவர் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. அலமாரியைத் திறந்து, உப்புக் கறை படிந்த அந்த நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அன்றும் மறுநாளும் அவர் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

நாலு பெண் பிள்ளைகளும் படித்தார்கள். அவர்களில் ஒருத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸாகி எனக்கே ஊசி போட்டிருக்கிறாள். என் வேலை நிரந்தரமானது. சார் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடம் வரும்போது சீசாவைத் தூக்கிக் காட்டுவார். "இதுக்குள்ள ஒரு மீன் குடியிருந்துது. இதை எடுத்ததும் அது பக்கத்துச் சாமந்திக்குப் போயிடுச்சு. இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. நம்ம ஏகாம்பரம் கண்ணால பாத்தது" என்பார். பிள்ளைகள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். ஒரு வருஷமும் நான் அதைத் திருத்தவில்லை. இப்போது அவரும் இல்லை.

பக்கத்தில் வேறு சாமந்தி எதுவும் இல்லை. நான் படகில் ஏறிக் கண்ணாடியைக் கழற்றும்வரை அந்த மீன் அந்த வெறுங்கல்லையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.